சத்தம் மாறும்போது

கோயம்புத்தூரில் எந்தத் தெருவில் சனிக்கிழமை சாயங்காலம் நடந்து போனாலும் கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்கும். மாவைப் பாக்கெட்டில் வாங்குகிறவர்கள் பெருகிவிட்ட இந்த நாளிலும் கேட்கிறது. ஒரு வீட்டில் உளுந்து, அடுத்த வீட்டில் அரிசி. இரண்டுக்கும் சத்தம் வேறு. உளுந்து என்றால் கல் மெத்தென்று உருளும். அரிசி என்றால் முதலில் கரகரவென்று பொரிந்து, போகப்போக அடங்கும். வாசலில் நின்றபடியே உள்ளே என்ன அரைபடுகிறது என்று சொல்லிவிடலாம். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் அம்மாவைப் பெற்ற அமுச்சி. கிரைண்டர் என்ற ஒன்றை அறுபது வயதுக்கு மேல்தான் அவர் முதன்முதலில் பார்த்தார்.

பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமத்தில், அமுச்சி வீட்டுப் புறக்கடையில் ஆட்டுக்கல் பதித்திருந்தது. இட்லி அப்போது தினசரிப் பலகாரம் கிடையாது. நோம்பி நாளுக்கும் விருந்தாளிக்கும்தான். அரிசிக்கும் உளுந்துக்கும் ஆகும் செலவு ஒரு காரணம். ஆட்டுகிற தோள் இன்னொரு காரணம். வலது கை குழவியைச் சுற்றும், இடது கை மாவைக் குழிக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். தள்ளுகிற விரல் கொஞ்சம் பிந்தினால் குழவிக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். கூட்டுக் குடும்பத்துக்கு ஆட்டி முடிப்பதற்குள் உச்சி வெயில் சாய்ந்துவிடும். அன்றைக்கு ராத்திரி அம்மா எண்ணெய் காய்ச்சி அமுச்சியின் தோளில் தேய்ப்பார். அந்த இட்லியின் ருசியைப் பற்றி மாமன்மார் இன்றைக்கும் பேசுகிறார்கள். அந்தத் தோளைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

கையால் ஆட்டிய காலமே பொற்காலம் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு அந்த எண்ணெய் வாசனைதான் வருகிறது. ஆட்டியவர்கள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

கிரைண்டர் எங்கள் ஊரில் பிறந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தது. பஞ்சாலைகள் பெருகின. ஆலைக்கு வேண்டிய உதிரிப் பாகங்களை வார்க்கப் பட்டறைகள் முளைத்தன. 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இங்கே மின்மோட்டார் செய்தார்கள். அப்புறம் கிணற்றுக்குக் கிணறு பம்ப்செட். மோட்டாரையும் வார்ப்பையும் தெரிந்த ஊரில் ஒருவர் ஆட்டுக்கல்லைப் பார்த்தால் அவருக்கு வேறொன்று தோன்றத்தானே செய்யும். 1955இல் கோவைக்காரரான சபாபதி மோட்டாரில் ஓடும் கிரைண்டரைச் செய்து காட்டினார். ஆட்டுக்கல்லில் கல் அசையாது, குழவி சுற்றும். கிரைண்டரில் குழவி நின்ற இடத்தில் நிற்க, அடியில் இருக்கும் கல் சுற்றுகிறது. சுற்றுவதை இப்படித் திருப்பிப் போட்டதும் மோட்டாருக்கு வேலை சுலபமாயிற்று. மாவைத் தள்ளும் விரலுக்குப் பதில் ஒரு பலகை வந்து நின்றது. முதலில் ஓட்டல்களுக்குப் போனது, பிறகுதான் வீடுகளுக்கு வந்தது. ஊத்துக்குளிக் கருங்கல்லும் கோவை மோட்டாரும் சேர்ந்த 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்ற பெயருக்கு 2005-06இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அம்மா ஏலச்சீட்டு எடுத்து வாங்கினது பெரிய கிரைண்டர். சமையலறையில் இடம் பற்றாமல் நடையில் வைத்தார்கள். அந்த வருஷம் அமுச்சி எங்களோடு தங்க வந்தார். மெஷினைத் தொடமாட்டார். பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து, முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டே இருப்பார். திடீரென்று நிமிர்ந்து, "தண்ணி பத்துல கண்ணு, கல்லு மொனகுது" என்பார். அம்மா ஒரு கை தண்ணீர் தெளித்ததும் முனகல் போய்விடும். இன்னும் கொஞ்ச நேரத்தில், "போதும், நிறுத்து. இதுக்கு மேல ஓட்டுனா சூடேறும்" என்பார். எட்டிப் பார்க்கமாட்டார், விரலில் தொட்டுப் பார்க்கவும் மாட்டார். அத்தனை வருஷம் தோளுக்குக் கனமாகத் தெரிந்த மாவின் பதத்தை, இப்போது காதால் பிடித்துக்கொண்டார்.

அமுச்சி சொன்ன "சூடேறும்" எவ்வளவு பெரிய விஷயம் என்று பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். உளுந்தில் ஒரு வழுவழுப்பு உண்டு. அரைக்கும்போது உள்ளே புகும் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வது அதுதான். மெதுவாகச் சுற்றும் கல்லில் மாவு சூடாகாமல் பொங்கிப் பொங்கி எழும். ஒரு பங்கு உளுந்துக்கு நாலு பங்கு இட்லி அரிசி போடுகிற எங்கள் வீட்டுக் கணக்குக்கு, அந்தப் பொங்கல்தான் ஆதாரம். அப்புறம் ராத்திரி புளிக்கிறபோது, உளுந்தோடும் அரிசியோடும் ஏற்கெனவே ஒட்டி வந்த நுண்ணுயிர்கள் வாயுவை விடுகின்றன. லூக்கோனோஸ்டாக் என்று அவற்றில் ஒன்றுக்குப் பெயர். அந்த வாயு தங்குவதற்கும் உளுந்தின் வழுவழுப்புத்தான் இடம் கொடுக்கிறது. அதனால்தான் உளுந்தை முதலில் போட வேண்டும், தண்ணீரைத் தெளித்துத் தெளித்து விட வேண்டும். வெயில் காலத்தில் ஃப்ரிட்ஜில் வைத்த தண்ணீராக இருந்தால் இன்னும் நல்லது.

மிக்ஸியில் உளுந்து அரைத்தால் ஏன் அந்த மென்மை வருவதில்லை என்பதும் இதில் அடங்கிவிடுகிறது. கல் நசுக்கும், பிளேடு வெட்டும். நிமிஷத்துக்குப் பல ஆயிரம் சுற்றுச் சுற்றுகிற பிளேடு, வெட்டுகிற வேகத்திலேயே சூட்டையும் உண்டாக்கும். ஆனாலும் மிக்ஸியைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. மும்பையில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளர் வீட்டில், அவர் மனைவி மாதுரியின் ஜெர்மன் மிக்ஸர் பழுதாகிப் போக, நம் ஊர் மஞ்சளையும் கொப்பரையையும் தாங்குகிற மோட்டாரை அவரே செய்யப் புறப்பட்டார். சுமீத் மிக்ஸி அப்படித்தான் 1960களில் பிறந்தது. வெளிநாட்டு மிக்ஸர்கள் பழச்சாறுக்கும் கேக் மாவுக்கும் செய்யப்பட்டவை. காய்ந்த மிளகாய், மல்லி, பொட்டுக்கடலை, ஊறின அரிசி எல்லாவற்றையும் ஒரே சாமான் அரைக்க வேண்டும் என்ற தேவை நம் சமையலறைகளில் இருந்து எழுந்தது.

மிக்ஸிக்கும் காது கொடுக்கத்தான் வேண்டும். தேங்காய்ச் சட்னி ஓடும்போது சத்தம் சட்டென்று லேசாகி உயர்ந்தால், சட்னி ஓரத்தில் ஒட்டிக்கொண்டது, பிளேடு சும்மா சுற்றுகிறது என்று அர்த்தம். நிறுத்திக் கரண்டியால் வழித்துவிட வேண்டும். சத்தம் தணிந்து இழுத்துக்கொண்டு வந்தால் மோட்டாருக்குச் சுமை கூடிவிட்டது. அதையும் மீறி ஓட்டினால் அடியிலிருக்கும் சிவப்புப் பொத்தான் தானாக விழுந்து மோட்டாரைக் காப்பாற்றும். ஆற விட்டு, பொத்தானை அமுக்கிவிட்டால் மறுபடியும் ஓடும். ரிப்பேருக்குக் கொண்டுபோக வேண்டியதே இல்லை.

ரிப்பேர் என்றதும் தெருவில் வருகிற குரல்கள் நினைவுக்கு வருகின்றன. நான் சிறுமியாக இருந்தபோது, "அம்மி கொத்தறது, ஆட்டுக்கல் கொத்தறது" என்று உளியும் சுத்தியலுமாக ஒரு பாட்டி வருவார். தேய்ந்து வழவழத்த கல்லில் புள்ளி புள்ளியாகக் கொத்திவிட்டுப் போவார். கொத்தின அன்றைக்கு அம்மியில் முதலில் தவிட்டையோ பழைய அரிசியையோ அரைத்துக் கழுவிவிட்டுத்தான் சட்னிக்கு எடுப்போம். அதே தெருவில் பிறகு, "மிக்ஸி ரிப்பேர், கேஸ் அடுப்பு ரிப்பேர், குக்கர் ரிப்பேர்" என்ற குரல் சைக்கிளில் வந்தது. இப்போது அதுவே ஒலிபெருக்கியில் பதிவுசெய்த குரலாக வருகிறது. சாமான் மாறியிருக்கிறது. தேய்ந்ததைத் திரும்பவும் ஓட வைக்கிற கை, தெருவைத் தேடி வருவது மாறவில்லை. புதிதாய் வாங்கச் சொல்லும் விளம்பரங்களுக்கு நடுவில் அந்தக் கைகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

குக்கருக்கு அம்மா நீண்ட நாள் பயந்தார். 1959இலேயே இந்தியாவில் குக்கர் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக்குள் அது வர இன்னும் எத்தனையோ வருஷம் ஆயிற்று. வந்த பிறகும், வெடித்த கதை ஏதாவது ஒன்று பக்கத்துத் தெருவிலிருந்து வந்துகொண்டே இருக்கும். பாத்திரத்துக்குள் நடப்பது விளங்கினால் பயம் போய்விடும். திறந்த சட்டியில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் ஏறாது. ஆவியை அடைத்து வைத்தால் 120 டிகிரி வரைக்கும் போகும். அந்த இருபது டிகிரிதான் துவரம்பருப்பை இவ்வளவு சீக்கிரம் குழைய விடுகிறது. மேலே இருக்கும் வெயிட், உள்ளே அழுத்தம் அளவுக்கு வந்ததும் தூக்கிக்கொண்டு ஆவியை விடுகிறது. விசில் என்று நாம் சொல்வது அதைத்தான்.

குக்கரில் வருகிற சத்தத்தை விட, வராத சத்தம் முக்கியம். தண்ணீர் கொதித்து, அடுப்பு நன்றாக எரிந்தும், வழக்கமான நேரத்தில் விசில் வரவில்லை என்றால் உடனே அடுப்பை அணைக்க வேண்டும். ஓரத்தில் உஸ்ஸென்று ஆவி போனால் ரப்பர் விறைத்துவிட்டது. ஓரத்திலும் போகவில்லை, மேலேயும் வரவில்லை என்றால் ஆவிக் குழாயில் பருப்பு அடைத்திருக்கிறது. ஆறும் வரை மூடியில் கை வைக்கக் கூடாது. மூடுவதற்கு முன் குழாயில் ஓட்டை தெரிகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதை நான் ஒருநாளும் விடுவதில்லை.

கொங்கு நாட்டு அரிசிம்பருப்புச் சாப்பாட்டுக்குக் குக்கரைப் போல வாய்த்த சாமான் வேறில்லை. அரிசியும் துவரம்பருப்பும் கழுவி வைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, சீரகம், மிளகு, மஞ்சள்தூள் தாளித்து மொத்தமாக மூடிவிட்டால் முடிந்தது. மூன்று விசில் என்பார்கள். ஆனால் விசில் எண்ணிக்கை அடுப்பின் தீயைப் பொறுத்தது. பெரிய தீயில் மூன்று விசில் மடமடவென்று வந்துவிடும், பருப்பு வேகாது. முதல் விசில் வந்ததும் தீயைத் தணித்து நேரம் பார்ப்பதுதான் நம்பகமான வழி. தண்ணீரையும் பார்க்க வேண்டும். சிறுவாணித் தண்ணீரில் பருப்பு பூப்போல் மலரும். கோடையில் அது குறைந்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்கு மாறினால், அதிலிருக்கும் சுண்ணாம்புச் சத்து பருப்பை இறுக்கிவிடும். அப்போது எந்த எண்ணிக்கையும் செல்லாது.

தண்ணீர் போலவேதான் மின்சாரமும். 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே பகலில் பாதிக்கு மேல் கரண்ட் இருக்காது. கோவையின் பட்டறைகள் முடங்கிக் கிடந்தன. ஊறப் போட்ட அரிசி காத்துக் கிடக்கும். ராத்திரி கரண்ட் வந்த மறுகணம் தெரு முழுக்க ஒரே சமயத்தில் கிரைண்டர்கள் ஓடத் தொடங்கும். அமுச்சி இருந்திருந்தால் எத்தனை வீட்டில் உளுந்து, எத்தனை வீட்டில் அரிசி என்று பிரித்துச் சொல்லியிருப்பார்.

அதே காலத்தில்தான், 2011 செப்டம்பர் 15 அன்று, அரசு மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் விலையில்லாமல் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. கரண்டே இல்லை, கிரைண்டர் எதற்கு என்று பலர் கேலி செய்தார்கள். எங்கள் தெருவில் துணி தேய்க்கும் அக்காவுக்கு வந்து சேர்ந்தது. அதுவரை நாள் முழுக்கப் பெட்டி தேய்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஆட்டுக்கல்லில் உட்கார்ந்தவர் அவர். "இனி பையன் பள்ளிக்கூடம் வுட்டு வந்தா அவங்கூட உக்காந்து பேசலாங்க" என்றார். இலவசம் என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் அந்த வாக்கியத்தைக் கேட்டிருக்க வேண்டும். அமுச்சியின் காலத்தில் இப்படியொரு திட்டத்தின் பட்டியலில் அவர் பெயர் இருந்திருந்தால் என்று எத்தனையோ முறை எண்ணியிருக்கிறேன்.

எல்லாச் சாமானையும் மெஷினாக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இடியாப்பம் போன்ற சந்தகையைப் பிழியும் இரும்பு அச்சு எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. வெந்த மாவை ஆறுவதற்குள் பிழிய வேண்டும். ஒருவர் கைப்பிடியைத் திருக, இன்னொருவர் தட்டைப் பிடிக்க வேண்டும். தனியாகச் செய்ய முடியாத பலகாரம் அது. அதனாலேயே சந்தகை நாளில் வீட்டில் பேச்சு அதிகம். ஆனால் இரண்டு பேர் சேர்ந்து திருகுவதும், ஒரே பெண் மதியம் முழுக்க ஆட்டுவதும் ஒன்றாகிவிடாது.

என் மகள் கனடாவில் இருக்கிறாள். இங்கே 230 வோல்ட், அங்கே 120 என்பதால் அந்த ஊர் மின்சாரத்துக்கென்றே செய்த கிரைண்டரைக் கோவையிலிருந்து வாங்கிப் போனாள். குளிரில் மாவு புளிக்காது என்று ஓவனுக்குள் பாத்திரத்தை வைத்து விளக்கை மட்டும் எரிய விடுகிறாள். சில நாள் போனைக் கிரைண்டருக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "அம்மா, சத்தம் சரியா இருக்கா?" என்பாள். சமுத்திரம் தாண்டி வருகிற அந்தச் சத்தத்தைக் கேட்டு, "ஒரு கை தண்ணி தெளி கண்ணு" என்கிறேன்.

மகன் இங்கே என்னோடு இருக்கிறான். மாவு ஆட்டுவது இப்போது அவன் வேலை. ஆட்டுக்கல் இருந்தவரை அந்த வேலையைப் பெண்ணின் தோளுக்கென்று ஒதுக்கிவிட்டு, ஆண்கள் ருசியை மட்டும் பேசினார்கள். தோளுக்கு வேலை போய்விட்டது. மீதி இருப்பது காது கொடுத்துக் கேட்பது ஒன்றுதான், அது யாருக்கும் வரும். உங்கள் வீட்டுப் பையன்களை இந்தச் சனிக்கிழமை கிரைண்டருக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். உளுந்தை முதலில் போடச் சொல்லுங்கள். எப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் சொல்லாதீர்கள்; அவர்களே கேட்டுக் கண்டுபிடிக்கட்டும்.