ஒரே கால்வாய், இரண்டு தண்ணீர்

மரக்காணம் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் மணல் நிலமும் ஒரு கிணறும் வைத்திருக்கிறார் அந்த விவசாயி. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சவுக்கும் மல்லாட்டையும்தான் வெள்ளாமை. கார்த்திகையில் ஒருவர் வந்து, நிலத்தைப் பத்து வருஷக் குத்தகைக்குக் கேட்டார். "நாலு காட்டேஜ் போட்டு ரெண்டு படகு விட்டா, லீவுக்குச் சென்னை ஜனம் தேடி வரும்யா" என்றார். அவர் சொன்ன தொகை, மல்லாட்டையில் கிடைப்பதைப் போல மூன்று மடங்கு. கூட்டுறவுக் கடனை ஒரே தவணையில் அடைத்துவிடலாம். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார்.

அரையாண்டு விடுமுறையில் மந்தைவெளியில் உள்ள மகள் வீட்டுக்கு வந்தார். படகில் போக வேண்டும் என்று பேத்தி பிடிவாதம் பிடித்தாள். பறக்கும் ரயிலுக்குப் போகும் வழியில், தூண்களுக்கு நடுவே கறுப்பாகத் தேங்கிக் கிடந்த தண்ணீரைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இது என்ன சாக்கடை தாத்தா?"

"சாக்கடை இல்லம்மா, பக்கிங்காம் கால்வாய். நம்ம மரக்காணத்துலதான் போய் முடியுது."

அவளால் நம்ப முடியவில்லை. ஆந்திராவின் பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் ஓடும் நீர்வழி அது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர் துண்டு, கூலிக்கு மண் சுமந்த பஞ்ச ஜனங்களால் வெட்டப்பட்டது. மயிலாப்பூர், மந்தைவெளி வழியாகப் போவது அந்தத் துண்டுதான். நெல், உப்பு, விறகு எல்லாம் படகில் போயின. சின்ன வயதில், சவுக்குக் கட்டை ஏற்றிய படகில் அப்பாவோடு அவரும் பட்டணம் வந்திருக்கிறார். கரையில் ஆட்கள் கயிறு கட்டி இழுப்பார்கள். காற்று வாகாக அடித்தால் பாய் விரிப்பார்கள். 1965, 66 புயல்களில் கால்வாய் சிதைந்தது. அதன்பின் படகு ஓய்ந்தது, கழிவுநீர் வந்து சேர்ந்தது.

திருவான்மியூரில் இறங்கி, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக முட்டுக்காடு போனார்கள். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறை அது. கழிமுகத்தில் படகு நகர்ந்ததும், கொக்கைக் கண்டு பேத்தி கைதட்டினாள். அவருக்கோ காலையில் பார்த்த கறுப்புத் தண்ணீர் கண்ணைவிட்டுப் போகவில்லை. அந்தக் கால்வாய்தான் இங்கேயும் வந்து சேர்கிறது. படகு விடுகிறவருக்கும் மீன் பிடிக்கிறவருக்கும் அந்தத் தண்ணீர்தான் முதல். அது கெட்டால் காட்டேஜுக்கு யார் வருவார்கள்?

ஊர் திரும்பியதும், குத்தகை கேட்டவரைக் கூப்பிட்டு மூன்று கேள்விகள் கேட்டார். கக்கூஸ், குளியலறைத் தண்ணீர் எங்கே போகும்? கிணற்றிலிருந்து ஒரு நாளைக்கு எவ்வளவு இறைப்பீர்கள்? கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதி யார் பேரில் வாங்குவீர்கள்?

இரண்டாவது கேள்வி மற்ற விவசாயிகளுக்கும் பொருந்தும். கடலோர மணலில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலேறும். பக்கத்துக் கொல்லைக் கிணறும் கெடும். குத்தகை முடிந்து நிலம் திரும்பி வந்தாலும், கெட்ட கிணறு சீக்கிரத்தில் தேறாது.

"அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்யா" என்றார் வந்தவர்.

"அப்ப கையெழுத்தும் அப்புறமே போட்டுக்கலாம். மூணுக்கும் பதிலைப் பத்திரத்துல எழுதிக் கொண்டாங்க."

பத்திரம் இன்னும் வரவில்லை. கடன் அப்படியே இருக்கிறது. மார்கழிப் பட்டத்தில் போட்ட மல்லாட்டை முளைத்துவிட்டது. கிணற்றுத் தண்ணீர் இனிப்பாகவே இருக்கிறது.