தைக்கக் கொடுத்த காலணி

அரசா, மனச்சாட்சியா என்ற கேள்வியை அமெரிக்க இலக்கிய வகுப்பில் நடத்த வேண்டுமென்றால் ஆசிரியர்கள் பெரும்பாலும் எடுப்பது ஹென்றி டேவிட் தோரோவின் ‘சட்ட மறுப்பு’ கட்டுரையை. அதில் ஓரிடத்தில் ஒரு காலணி வருகிறது. அநீதி, புரட்சி, தனிமனிதன் என்று பெரிய விஷயங்களைத் தேடிப் போகிற அவசரத்தில் அந்த இடத்தை யாரும் நின்று படிப்பதில்லை.

1846 ஜூலைக் கடைசியில் ஒரு மாலை. தைக்கக் கொடுத்திருந்த காலணியை வாங்கிவர, வால்டன் குளக்கரைக் குடிலிலிருந்து தோரோ கான்கார்ட் ஊருக்குள் வந்தார். ஆளுக்கு இவ்வளவு என்று விதிக்கப்பட்ட தலைவரியை அவர் பல ஆண்டுகளாகக் கட்டவில்லை. அடிமைமுறைக்குத் துணைபோகும் அரசுக்கு, அதுவும் மெக்சிகோமீது போர் தொடுத்திருக்கும் அரசுக்கு, வரி கொடுப்பதில்லை என்பது அவர் முடிவு. வரி வசூலிப்பவரும் சிறைக் காவலரும் ஒருவரே: சாம் ஸ்டேபிள்ஸ், நன்கு தெரிந்த ஊர்க்காரர். பணத்தைத் தானே கட்டிவிடுவதாகக்கூட அவர் சொல்லிப் பார்த்தாராம். தோரோ மறுத்துவிட்டு உள்ளே போனார்.

அன்றிரவே யாரோ பணம் கட்டிவிட்டார்கள். அத்தை மரியாவாக இருக்கலாம் என்பது பொதுவான ஊகம். உடனே விட்டிருக்கலாம். ஆனால் ஸ்டேபிள்ஸ் அதற்குள் பூட்ஸைக் கழற்றிவிட்டாராம். மறுபடி மாட்டிக்கொண்டு போக மனமில்லையாம். பின்னாளில் அவரே சொன்னதாக வழங்கும் கதை இது. உண்மையென்றால், அரசியல் சிந்தனை வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற சிறைவாசம் ஒரு காவலரின் சோம்பலுக்குக் கடன்பட்டிருக்கிறது.

சிறைக்குள் நடந்ததைத் தோரோ ஊர்சுற்றிப் பார்க்க வந்தவர் போல எழுதுகிறார். வெள்ளையடித்த சுத்தமான அறை. வைக்கோல் கொட்டகையைக் கொளுத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் அறைத்தோழர். காலையில் தகரப் பாத்திரத்தில் சாக்லேட் பானமும் பழுப்பு ரொட்டியும் வந்தன. மிஞ்சிய ரொட்டியைத் தோரோ திருப்பிக் கொடுக்கப் போனபோது, அனுபவசாலியான தோழர் அதைப் பிடுங்கி மதியத்துக்கு எடுத்துவைத்துக்கொள்ளச் சொன்னார். விடுதலையானதும் தோரோ நேரே போய்க் காலணியை வாங்கி மாட்டிக்கொண்டு, ஒரு கூட்டத்தோடு காட்டுப்பழம் பறிக்கக் குன்றேறிவிட்டார்.

நகைச்சுவைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை அவர். உடம்பை அடைத்துவிட்டால் ஆளை அடக்கிவிட்டதாக அரசு நம்புகிறதே, அந்த நம்பிக்கை எவ்வளவு அசட்டுத்தனமானது என்று காட்டுவதற்குக் காட்டுப்பழத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: சாலை வரியை அவர் ஒருபோதும் மறுக்கவில்லை, அண்டை அயலாருக்கு நல்லவனாக இருப்பதில் அவருக்குத் தடையில்லை. ‘வரி கொடுக்க மாட்டேன் என்றவர்’ என்று ஒரே வரியில் முடிக்கும் வழிகாட்டி நூல்கள் இந்த வேறுபாட்டை விழுங்கிவிடுகின்றன.

இந்த மறுப்பு அவரோடு தொடங்கியதுமல்ல. அவருடைய கான்கார்ட் நண்பர் பிரான்சன் ஆல்காட் இதே வரியை மறுத்து 1843இலேயே பிடிபட்டார். ஊர்ப் பெரியவர் சாமுவேல் ஹோர் பணம் கட்டியதால் அறைக்குள் போகவேண்டி வரவில்லை. உள்ளத்தின் குரலே கடைசி நீதிமன்றம் என்று ‘தன்னம்பிக்கை’ கட்டுரையில் 1841இலேயே முழங்கிய எமர்சனோ, நண்பர் சிறைக்குப் போனதை ரசிக்கவில்லை. அரசு ஓர் அப்பாவிப் பசு, அதற்குத் தீனி போடக் கணக்குப் பார்க்கலாமா என்ற தொனியில் நாட்குறிப்பில் எழுதினார். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக்கொடுக்கச் சொல்லும் சட்டம் 1850இல் வந்த பிறகு, அதே எமர்சன் அதே நாட்குறிப்பில் தாம் அதற்குக் கீழ்ப்படியப் போவதில்லை என்று கொதித்தார். இவர்கள் மூவரையும் இணைத்த சிந்தனை இயக்கமான கடந்தநிலைவாதம் என்ற நீண்ட பெயருக்கு வரையறை எழுதவைப்பதைவிட, இந்த இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கச் சொல்வது மாணவருக்கு அதிகம் கற்றுத் தரும்.

‘சட்ட மறுப்பு’ முதலில் தோரோ 1848இல் ஊர் மன்றத்தில் ஆற்றிய சொற்பொழிவு; அடுத்த ஆண்டு எலிசபெத் பீபாடி நடத்திய இதழில் அச்சாயிற்று. அந்த இதழ் ஒரே ஒரு முறைதான் வந்தது. இன்று எல்லோரும் சொல்லும் தலைப்போ தோரோ இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1866இல்தான் வந்து ஒட்டிக்கொண்டது.

பாடத்தோடு சேர்ந்து சில கட்டுக்கதைகளும் பரவியிருக்கின்றன. எமர்சன் சிறை வாசலுக்கு வந்து ஏன் உள்ளே இருக்கிறாய் என்று கேட்டதாகவும், தோரோ பதிலடி கொடுத்ததாகவும் சொல்லும் காட்சிக்கு நம்பத்தகுந்த ஆதாரம் கிடையாது. காந்தி சத்தியாகிரகத்தைத் தோரோவிடமிருந்து எடுத்தார் என்பது இன்னொன்று. 1907இல் தென்னாப்பிரிக்காவில் தாம் நடத்திய ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் தோரோவின் கருத்துகளை அவர் வெளியிட்டது உண்மை. ஆனால் அங்கே அவருடைய போராட்டம் 1906இலேயே தொடங்கிவிட்டது. அந்தக் கூற்று தவறு என்று காந்தியே 1935இல் கோதண்ட ராவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். தோரோவை நடத்தும் ஆசிரியர்கள் அந்தக் கடிதத்தையும் வகுப்பில் ஒருமுறை படித்துக்காட்ட வேண்டும்.