ஓய்ந்திருந்த படகு

பயன்படுத்தப் பயன்படுத்தப் பொருள் தேயும் என்பது எல்லோரும் அறிந்தது. பயன்படுத்தாமல் விட்டாலும் பொருள் அழியும் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. பூட்டிய வீட்டின் கூரை முதலில் இறங்குகிறது. இறைக்காத கிணற்றின் நீர் கெடுகிறது. ஓட்டாத வண்டியின் சக்கரம் இறுகிக்கொள்கிறது. இவை எல்லாவற்றிலும் மரப்படகின் நிலை விந்தையானது. பிற மரச் சாமான்களுக்கு ஈரம் பகை; படகுக்கோ, நீரை விட்டுப் பிரிந்திருப்பதே பெரும்பகை. நீரிலே கிடக்கும்வரை அதன் பலகைகள் ஊறி ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. கரையேற்றி நிழலில் வைத்துவிட்டால், உலர்ந்து சுருங்கித் தத்தம் போக்கில் விலகி விடுகின்றன.

இதை நான் நூலில் படித்து அறியவில்லை. கொச்சியை அடுத்த வைப்பின் தீவில், நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்புறக் கொட்டகையில் கண்டறிந்தேன்.

வைப்பின், அரபிக் கடலுக்கும் காயலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் தீவு. 2004ஆம் ஆண்டில் கோஶ்ரீ பாலங்கள் திறக்கப்படும்வரை, அதன் தென்பகுதி மக்கள் எர்ணாகுளம் செல்லப் படகையே பெரிதும் நம்பியிருந்தனர். எங்கள் வீட்டுக்காரரின் தந்தையார் அந்நாளில் ஒரு மோட்டார்ப் படகு வைத்திருந்தார். நீளம் 24 அடி, ஆஞ்சிலி மரம், ஒற்றைச் சிலிண்டர் டீசல் இயந்திரம். தேங்காய், நெல், சீர்வரிசை, பேறுகாலப் பெண்கள், சில வேளைகளில் இறந்தோரின் உடல் என்று எல்லாமே அதில் காயலைக் கடந்திருக்கின்றன. பாலம் வந்தது; பேருந்து வாசலுக்கே வந்தது; படகு கொட்டகைக்குப் போயிற்று. அதே ஆண்டு பெரியவரும் மறைந்தார். அதன் பிறகு அப்படகின்மேல் விறகும் தென்னை மட்டையும் அடுக்கப்பட்டன.

பதினான்கு ஆண்டுகள் சென்றன. 2018 ஆகஸ்ட் மாதத்தின் நடுவில் கேரளத்தை மூழ்கடித்த வெள்ளம் எல்லோர் நினைவிலும் இருக்கும். பெரியாறு கரை மீறி வடக்குப் பறவூர்ப் பகுதியெங்கும் பரவியது. வீட்டுக்காரரின் மூத்த சகோதரி அங்கே ஒரு வீட்டின் மாடியில் இரண்டு இரவுகள் சிக்கியிருந்தார். கைப்பேசியில் அவர் குரல் ஒருமுறை கேட்டது, பின்னர்க் கேட்கவில்லை. வீட்டுக்காரர் கொட்டகைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். உள்ளே படகு இருந்தது. ஆனால் அதன் பலகை இடுக்குகளின் வழியே வெளிச்சம் தெரிந்தது. மூன்றாம் நாள் அந்த அம்மையாரை மீட்டவர்கள், லாரியில் படகை ஏற்றிக்கொண்டு வந்த மீனவர்கள். அந்நாள்களில் ஏறத்தாழ 4,500 மீனவர்கள், 669 படகுகளில் சென்று, 65,000 பேரை மீட்டனர் என்பது மாநில அரசு தந்த கணக்கு. அந்தக் கணக்கில் ஒன்றாக அந்த அம்மையாரும் வீடு வந்து சேர்ந்தார். வீட்டுக்காரர் அன்று ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: இனி இந்தப் படகு ஒன்று தண்ணீரில் கிடக்க வேண்டும், அல்லது அடுப்பில் எரிய வேண்டும், இடைநிலை வேண்டாம்.

எரிக்கலாமா, இறக்கலாமா என்று தீர்ப்புச் சொல்ல ஒரு கைதேர்ந்தவர் தேவைப்பட்டார். பொங்கல் விழாக்களில் எனக்குப் பழக்கமான முதியவர் ஒருவர் மட்டாஞ்சேரியில் மகன் வீட்டில் இருந்தார். தூத்துக்குடியில் தோணி கட்டும் தச்சராகத் தொழில் பழகி, இளமையிலேயே கொச்சிப் படகுத் துறைகளுக்கு வந்தவர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். வந்தவர் விறகை அகற்றச் செய்து, ஒரு சிறு மரச் சுத்தியலை எடுத்துக்கொண்டு, படகின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒவ்வொரு பலகையாகத் தட்டினார். நல்ல மரம் கணீரென ஒலித்தது. கெட்ட மரம் சொத்தென்று ஒலித்தது. ஐயமான இடத்தில் கத்தி முனையால் குத்திப் பார்த்தார். ஒன்றரை மணி நேரம் அவர் பேசவே இல்லை. முடிவில், "அணியம் நல்லாருக்கு. அமரத்துப் பக்கம் ஏராவை ஒட்டி ரெண்டு பலக போயிருக்கு தம்பி. மழத்தண்ணி நின்னு அழுகியிருக்கு. உப்புத் தண்ணி மரத்தக் காக்கும், மழத்தண்ணிதான் தின்னும்" என்றார். அடுப்புக்குப் போக வேண்டியதில்லை என்பது அதன் பொருள்.

என் மகள் அப்போது பள்ளி மாணவி. அணியம் என்றால் என்ன என்று கேட்டாள். படகின் முன்முகம் அணியம், பின்புறம் அமரம், அடிப்பகுதியின் முதுகெலும்பு ஏரா, விலா எலும்பு போன்றவை வங்குகள் என்று அவர் தொட்டுத் தொட்டுக் காட்டினார். பி.ஏ. படித்த எனக்கும் அவற்றுள் சில புதியனவாகவே இருந்தன. அவள் ஒரு குறிப்பேட்டில் அவற்றை எழுதிக்கொண்டாள்.

அழுகிய பலகைகளை நீக்கிப் புதிய ஆஞ்சிலிப் பலகை பொருத்த இரண்டு வாரம் பிடித்தது. அடுத்தது கலப்பற்று. பலகைகளுக்கு இடையிலுள்ள இடுக்குகளில் பஞ்சுத் திரியை உளியால் செலுத்தி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவையைப் பூசும் வேலைக்கு அதுவே பெயர். வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. இடுக்கு இவ்வளவு அகலமாக இருக்கிறதே, இன்னும் அழுத்தி நிறைய அடைத்தால் என்ன என்று கேட்டார். அண்ணாச்சி மறுத்துவிட்டார். "இப்ப எடமில்லாம அடைச்சா, பெறவு பலக ஊதும்போது அதுக்கு எங்க எடம்? வங்கையே பிடுங்கிட்டுப் போயிரும். தண்ணி செய்ய வேண்டிய வேலைய நாம செய்யக் கூடாது" என்றார். உலர்ந்த மரத்தின் இடைவெளி மரத்தின் குறையன்று. அது நீருக்காக ஒதுக்கப்பட்ட இடம். கைவினைஞர் கையை நிறுத்த வேண்டிய இடத்தை அறிவதும் கைவினையின் ஒரு பகுதியே என்று அன்று விளங்கிற்று.

இயந்திரத்தைப் பார்க்க முனம்பம் மீன்பிடித் துறையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். அவரும் அவசரப்படாதவர். நெடுங்காலம் நின்ற இயந்திரத்தை உடனே கைப்பிடியிட்டுச் சுழற்றுவது கூடாது என்பது அவருடைய முதல் விதி. பிஸ்டனின் வளையங்கள் துருவினால் சிலிண்டரோடு ஒட்டியிருக்கக்கூடும். வலிந்து சுழற்றினால் ஒடியும். ஆகவே இன்ஜெக்டரைக் கழற்றி, அத்துளை வழியே எண்ணெய் ஊற்றி, நான்கு நாள் அப்படியே விட்டுவிட்டார். ஐந்தாம் நாள் ஃப்ளைவீலைக் கையால் மெல்ல அசைத்தார். அது ஒரு விரற்கடை நகர்ந்தது. பின் ஒரு சாண். பின் முழுச் சுற்று.

டீசல் தொட்டியின் அடியில் தார் போன்ற கசடு நின்றது. அதைக் கழுவி, ஃபில்டரையும் ரப்பர்க் குழாய்களையும் மாற்றினார். பழைய என்ஜின் ஆயிலை வடித்துப் புதியது ஊற்றினார். காயல் நீரை இழுத்து இயந்திரத்தைக் குளிர்விக்கும் பம்பினுள் ரப்பர் இதழ்கள் கொண்ட சிறு சக்கரம் ஒன்று உண்டு. அதன் இதழ்கள் வளைந்தபடியே கல்லாக இறுகியிருந்தன. அதை மாற்றாமல் ஓட்டினால், நீர் ஏறாமல் சில நிமிடங்களில் இயந்திரம் கொதித்துவிடும். எல்லாம் முடிந்தபின், ஒரு பீப்பாய் நீரில் குழாயை இட்டு, எரிபொருட் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றி, அமுக்கம் குறைக்கும் நெம்புகோலைத் தூக்கிக்கொண்டு கைப்பிடியைச் சுழற்றினார். வேகம் கூடியதும் நெம்புகோலை விட்டார். மூன்றாம் முயற்சியில் கரும்புகை கக்கி இயந்திரம் உயிர் பெற்றது. வீட்டுக்காரரின் தாயார் சமையலறையிலிருந்து ஓடி வந்தார். கணவர் வீடு திரும்பும் ஓசையாகப் பல்லாண்டு அவர் கேட்டிருந்த ஓசை அது. யாரும் ஒன்றும் பேசவில்லை.

ஆனால் இயந்திரத்தையும் புரொப்பெல்லர் தண்டையும் அவர் அப்போது இணைக்கவில்லை. மரப்படகு நீரில் ஊறும்போது அதன் வடிவமே சிறிது மாறும். கரையில் பார்த்த நேர்கோடு நீரில் நேர்கோடாக இராது. எனவே, மிதந்து சில நாள் ஆன பிறகே இணைப்பைச் சரிபார்க்க வேண்டும் என்றார். தச்சர் சொன்னதையே இவர் வேறு சொற்களில் சொன்னார்.

2019 பிப்ரவரியில் ஒரு காலைப் பொழுதில், உள்ளே இரண்டு நாள் ஈரச் சாக்கு விரித்து வைத்திருந்த படகை, உருளைகளின்மேல் இழுத்து நீரில் இறக்கினோம். தேங்காய் உடைக்கப்பட்டது, பிள்ளைகள் கைதட்டினர். அரை மணி நேரத்திற்குள் முழங்கால் அளவு தண்ணீர் உள்ளே நின்றது. ஊரார் சிலர் சிரித்தனர். வீட்டுக்காரரின் முகம் கறுத்தது. அண்ணாச்சி மட்டும் கரையில் அமர்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ஆழமற்ற இடத்தில் நான்கு கயிறுகளால் கட்டி, இயந்திரத்தைத் தண்ணீர் எட்டாதபடி முறை வைத்து இறைத்தோம். முதல் இரவு மணிக்கொருமுறை. இரண்டாம் இரவு மூன்று மணிக்கொருமுறை. நான்காம் நாள் காலையில் உள்ளே ஒரு வாளித் தண்ணீரே இருந்தது. ஆறாம் நாள் அதுவும் இல்லை. பலகைகள் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன.

பிறகு இணைப்பு நேராக்கப்பட்டது. தண்டு வெளியேறும் துளையில் புதிய திரி சுற்றப்பட்டது. அங்கேயும் ஒரு பாடம் உண்டு: ஓடும்போது அவ்விடத்தில் சொட்டுச் சொட்டாக நீர் கசிய வேண்டும், கசிவே இல்லாமல் இறுக்கிவிட்டால் தண்டு சூடேறித் தேயும்.

எழுத்தர் வேலை எனக்கும் மிச்சமிருந்தது. பதிவு, ஆய்வு, காப்பீடு ஆகியவற்றிற்கான விண்ணப்பங்களை நான் எழுதினேன். உயிர்காப்பு மேலுடை எத்தனை, தீயணைப்பான் எங்கே என்று கேட்டுப் பட்டியலிட்டேன். இதை வீண் காகிதம் என்பார் உண்டு. 2002இல் குமரகத்தில் 29 பேரும், 2009இல் தேக்கடியில் 45 பேரும், 2023இல் தானூரில் 22 பேரும் படகு விபத்துகளில் மாண்டனர். அவற்றை எண்ணுவோர் அவ்வாறு சொல்லத் துணியார். எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதிய பலகையும் படகின் உறுப்புகளில் ஒன்றே.

நான் ஒரு பதிவேடும் தொடங்கி வைத்தேன். மாதம் இருமுறை படகை ஓட்ட வேண்டும்; தேதி, ஓடிய நேரம், எண்ணெய், கசிவு ஆகியவற்றை எழுத வேண்டும். 2019 ஆகஸ்டில் கேரளத்தில் மீண்டும் வெள்ளம் வந்தபோது, படகு எரிபொருளோடும் கயிற்றோடும் ஆயத்தமாகத் துறையில் நின்றது. எங்கள் பக்கம் அதற்கு வேலை ஏற்படவில்லை. வேலை இல்லாமற் போனதில் வீட்டுக்காரர் அடைந்த மகிழ்ச்சி, வேலை செய்திருந்தால் அடைந்திருக்கக்கூடிய மகிழ்ச்சிக்குக் குறைந்ததன்று.

பிறமாநிலங்களில் வாழும் நம் இல்லங்களிலும் இவ்வாறு கரையேற்றப்பட்ட படகுகள் உண்டு. அவற்றுள் முதன்மையானது நம் மொழி. அலுவலகத்திற்கு ஒரு மொழி, பள்ளிக்கு ஒரு மொழி, கடைத்தெருவுக்கு ஒரு மொழி என்று பாலங்கள் பல வந்துவிட்ட பிறகு, தமிழைப் பத்திரமாகக் கொட்டகையில் வைத்துவிட்டோம். அது பத்திரமாக இருப்பதாகவே எண்ணுகிறோம். பிள்ளைகள் என்றேனும் அதை நீரில் இறக்கும்போது முதல் நாள் கசியத்தான் செய்யும்; ஒருமை பன்மை மாறும், றகரமும் ரகரமும் குழம்பும். அப்போது சிரித்துவிடுவதும், உடனே எல்லா இடுக்கையும் திருத்தத்தால் அடைக்க முயல்வதும் ஒருங்கே தவறு. இறைத்துக்கொண்டே உடனிருந்தால் போதும். மிச்ச வேலையை நீரே செய்துவிடும். அணியம், அமரம், ஏரா, வங்கு என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிய சிறுமி இன்று அச்சொற்களைக் கேளாமலே சொல்கிறாள். அவற்றை அவளுக்குத் தந்தது பாடநூலன்று. பழுது பார்க்க வேண்டியிருந்த ஒரு படகும், அதன் அருகே பொறுமையோடு அமர்ந்திருந்த ஒரு முதியவரும்தாம்.