நகரசபைச் செய்திகள்

நகரில் வாழ்வோர்க்கு உலகச் செய்திகளில் உள்ள வேட்கை தம் தெருச் செய்திகளில் இருப்பதில்லை. கடல்கடந்த நாடொன்றில் மந்திரிசபை கவிழ்ந்த வரலாற்றை விரித்துரைக்க வல்லார் பலர், குடிநீர்க் குழாய் உடைந்தால் எவரிடம் முறையிடல் வேண்டும் என்று வினவினால் விடையின்றி நிற்பதைக் காண்கிறோம். இதற்கு மக்களின் அசட்டை ஒரு காரணமாகலாம். ஆயினும் நகரசபைகள் தம் செய்திகளை வெளியிடும் முறையும் மற்றொரு காரணம் என்பது எம் கருத்து.

பொதுக்காரியங்களை ஊரறியச் செய்யும் வழக்கம் நம் நாட்டுக்குப் புதிதன்று. முதற் பராந்தகன் காலத்தில், கி. பி. 919, 921-ஆம் ஆண்டுகளில், உத்தரமேரூர்க் கோயிற் சுவரில் வெட்டப்பெற்ற சாசனங்களே இதற்குச் சான்றாம். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டதும், குடவோலை வழியாக வாரியப் பெருமக்கள் தெரிந்தெடுக்கப்பட்டதும், கணக்குக் காட்டாதவரும் அவர்தம் சுற்றத்தாரும் விலக்கப்பட்டதும் அவற்றில் உள்ளன. நிலமுடையார் சிலர்க்கே அவ்வுரிமை இருந்ததென்பது உண்மையே. எனினும், காரியம் பார்ப்போர் இன்ன தகுதியுடையராதல் வேண்டும் என்பதை அழியாத கல்லில் எழுதிவைத்தமை போற்றத்தக்கதன்றோ?

இனிச் சென்னையை நோக்குவோம். அந்நகரசபை 1688-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள், நதானியேல் ஹிக்கின்ஸன் என்பாரை முதல் மேயராகக் கொண்டு தொடங்கிற்று. 1882-இல் ஸ்தல சுயாட்சிக்கு வழிவகுத்த ரிப்பன் பிரபுவின் பெயர் தாங்கிய மாளிகை 1913-இல் திறக்கப்பட்டது. இத்துணைப் பழமையுடைய சபையிலும், 1973 முதல் 1996 வரையிலும், மீண்டும் 2016 முதல் 2022 வரையிலும், தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் எவருமில்லாமல் அதிகாரிகளே நிருவாகம் நடத்தினர். வட்டத்துக்கொரு பிரதிநிதி இல்லாத அக்காலத்தில், உரிய அதிகாரி இன்னார் என்றறிந்து அவரிடம் செல்வதையன்றி நகர மாந்தர்க்கு வேறு வழி ஏது? ஆதலின், உத்தியோகஸ்தர் மாற்றங்கள் அலுவலகத்தாருக்கு மட்டும் உரிய செய்திகள் என்று எண்ணுதல் தவறாகும்.

சட்டமும் இவ்வாறே கருதுகிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்து 4-ஆம் பிரிவு, ஒவ்வொரு பொது அலுவலகமும், எவரும் கேளாமலே, தன் அதிகாரிகள், ஊழியர்கள் ஆகியோரின் விவரப் பட்டியலையும், அவர்தம் கடமைகளையும், மாத ஊதியத்தையும் வெளியிட்டு, ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும் என்று விதிக்கிறது. அவ்வெளியீட்டில் அவ்வூர் மொழியைக் கருத்திற் கொள்ளல் வேண்டும் என்பதும், அறிவிப்புப் பலகை, செய்தித்தாள் முதலியன அதற்குரிய சாதனங்கள் என்பதும் அப்பிரிவிலேயே கூறப்பட்டுள்ளன. பலகையில் எழுதுவோர் இவ்விதியை நினைவிற் கொள்வாராயின் எத்துணை நலமாகும்!

யாம் முன்னர் வசித்த ஊரில் நிகழ்ந்த ஒன்றை ஈண்டுக் கூறுவோம். மழைக்காலத்தில் எம் தெருச் சாக்கடை அடைபட்டு, வீட்டு வாயில்தோறும் கழிவுநீர் தேங்கிற்று. தெருவார் கூடி எழுதிய மனுவைச் சுகாதார ஆய்வாளரிடம் நேரிற் கொடுத்தோம். வாரங்கள் கழிந்தன, குழந்தைகள் சிலர் காய்ச்சலாற் படுத்தனர், மறுமொழி இல்லை. ஒரு நாட் காலை, தெருவைப் பெருக்கும் மூதாட்டியார் எம்மைப் பார்த்து, “ஐயா, அந்த அதிகாரி மாற்றலாகிப் போய் மாதம் ஒன்றாயிற்றே! அவர் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. உங்கள் மனு எந்த மேசையில் கிடக்கிறதோ!” என்றார். அச்செய்தியை எமக்குத் தெரிவித்தவர் அவர் ஒருவரே. அவர் சொற்படி மேலதிகாரியை நாடினோம். மூன்றாம் நாள் அடைப்பு நீங்கிற்று.

மறு ஆண்டு அம்மூதாட்டியார் வரவில்லை. அவர் வேறு வட்டத்துக்கு மாற்றப்பட்டாரோ, வேலையிலிருந்து நீக்கப்பட்டாரோ என்பதை எந்தப் பலகையும் எமக்கு அறிவிக்கவில்லை. அவர் ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு உழைத்தவர். அத்தகையோர் நகரசபையின் ஊழியராகக் கருதப்படாமையால், பட்டியலில் அவர் பெயர் ஏறுதற்கு இடமே இல்லாமற் போயிற்று. கமிஷனர் மாறினால் மாலையும் புகைப்படமும் பத்திரிகையில் வருகின்றன. விடியுமுன் தெருவைத் துப்புரவு செய்தவர் மறைந்தால் ஒரு வரியும் இல்லை. எவருடைய உழைப்பால் ஊர் நோயின்றி வாழ்கிறதோ அவரைச் சொல்லாத செய்தி, நகரின் முழுச் செய்தியாகுமோ?

நகரசபையின் நற்செய்தி எனப்படுவது விழா வருணனையன்று. இன்ன வேலை, இன்ன தெருவில், இன்ன நாளில், இன்னாரால் நடைபெறும். அது தவறின் இன்னாரிடம் கேட்கலாம் என்பதே அதன் சாரம். இதனை வேண்டிப் பெறுதல் குடிகளின் கடமை. எம் கல்லூரி மாணவர்காள்! விடுமுறையில் வீடு செல்லும்போது உங்கள் வட்ட அலுவலகத்துப் பலகையை ஒருமுறை படித்துப் பாருங்கள். பழைய பெயர் இருப்பின், புதிய பெயரை எழுதுமாறு பணிவுடன் கேளுங்கள். அன்றியும், உங்கள் தெருவைப் பெருக்குபவரின் பெயரைக் கேட்டறிந்து, அப்பெயரால் அவரை மரியாதையுடன் அழையுங்கள். நகராட்சிக் கல்வியின் முதற் பாடம் அதுவே என்க.