எண்ணெய் எங்கே போயிற்று?



நீண்ட விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும் முன் எரிவாயுக் கலனை மூடுகிறோம், சன்னல்களைச் சாத்துகிறோம், வீட்டில் பழைய மோட்டார் சைக்கிள் இருந்தால் அதைத் துடைத்து, துணி போர்த்தி, ஓரமாக நிறுத்துகிறோம். சில வாரங்கள் கழித்து வந்து எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்தால், உள்ளே எண்ணெயைக் காணோம்! தரையிலும் சிந்திய தடம் இல்லை. யாரேனும் திருடிவிட்டார்களோ என்றுகூடச் சிலர் ஐயுறுவர். தமிழாசிரியருக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று நீங்கள் வினவலாம். என் தந்தையார் விட்டுச் சென்ற பிஎஸ்ஏ எம்20 வண்டி எங்கள் வீட்டில் நிற்கிறது. அது கற்றுக் கொடுத்த பாடம் இது.

நாம் அன்றாடம் ஓட்டும் காப்சாய் வண்டிகளில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. அவற்றில் ‘மின்யாக் ஹித்தாம்’ எஞ்சினின் அடிப்பகுதியிலேயே தங்குகிறது. கீழே இருப்பது மேலும் கீழே போக வழியேது? பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றின் அமைப்பு வேறு. எண்ணெய்க்கெனத் தனித் தொட்டி, இருக்கைக்குக் கீழே, எஞ்சினைவிட உயரத்தில் இருக்கும். 1937 முதல் 1955 வரை தயாரிக்கப்பட்ட எம்20 இவ்வகையைச் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் படைகளுக்காக மட்டுமே ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட எம்20 வண்டிகள் செய்யப்பட்டன.

அதன் எண்ணெய் பம்பில் இரண்டு இணைப் பற்சக்கரங்கள் உண்டு. ஓர் இணை தொட்டியிலிருந்து எண்ணெயை எஞ்சினுக்கு அனுப்பும். மற்றோர் இணை கிராங்க் அறையின் அடியில் வடிந்து சேர்வதை உறிஞ்சித் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும். திருப்பும் இணையின் கொள்ளளவு அதிகம். ஆகவே எஞ்சின் ஓடும்வரை கிராங்க் அறையில் எண்ணெய் தேங்காது. நிறுத்திய பிறகுதான் கதை மாறுகிறது. பற்சக்கரங்களின் நுண்ணிய இடைவெளி வழியே எண்ணெய் தன் எடையாலேயே சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கத் தொடங்கும். அதைத் தடுக்கவே வழியில் சிறு எஃகுக் குண்டும் அதனை அழுத்தும் சுருள்வில்லும் வைத்திருக்கிறார்கள். குண்டு அமரும் இடத்தில் ஒரு தூசி ஒட்டினாலும், அந்த இடம் தேய்ந்தாலும் தடை பயனற்றுப் போகும். டிரையம்ப் வண்டிகளின் பம்ப் வேறு வகை. ஆயினும் அதுவும் இத்தகைய குண்டுகளையே நம்பியிருக்கிறது. நார்ட்டன் கமாண்டோவில் வடிதலைத் தடுக்கும் வால்வு 1975ஆம் ஆண்டின் மார்க் 3 வண்டியில்தான் வந்தது. சென்னைத் திருவொற்றியூரில் உருவான பழைய புல்லட்டுகளுக்கோ எண்ணெய் அறை எஞ்சினின் வார்ப்புக்குள்ளேயே அமைந்திருக்கிறது. அவற்றிலும் எண்ணெய் இடம் மாறுவதுண்டு.

நம் நாட்டு வெப்பமும் இதற்குத் துணை போகிறது. சூடு ஏற ஏற எண்ணெய் இளகும். இளகினால் விரைந்து வடியும். குளிர்நாட்டில் ஒரு பருவம் முழுவதும் தாங்கும் வண்டி இங்கே சில வாரங்களிலேயே தொட்டியைக் காலி செய்துவிடக்கூடும். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது எங்கள் வண்டி வேறு மாநிலத்தில், அண்ணன் வீட்டில் இருந்தது. சூன் 10இல் மாநில எல்லைகளைக் கடக்க அனுமதி கிடைத்த பின்னரே போய்ப் பார்த்தோம். பன்னிரண்டு வாரத்தில் தொட்டியின் அடி தெரிந்தது.

இந்நிலையில் பலரும் செய்ய நினைப்பது தொட்டியில் புதிய எண்ணெயை ஊற்றுவது. அதைச் செய்யவே கூடாது. பழைய எண்ணெய் எங்கும் போகவில்லை. கிராங்க் அறையில் கிடக்கிறது. அதன்மேல் வண்டியைக் கிளப்பினால் வெண்புகை மண்டும். அழுத்தம் தாங்காமல் எண்ணெய் அடைப்பான்களைத் தாண்டிச் சங்கிலி அறைக்குள் புகும். கீழே கிடந்தது மேலே திரும்பியதும், நாம் ஊற்றியதோடு சேர்ந்து தொட்டி வழியும். ஆகவே முதலில் கிராங்க் அறையின் அடியிலுள்ள திருகைக் கழற்றி, ஒரு பாத்திரத்தில் வடித்து, அளந்து பார்க்க வேண்டும். குறைந்ததும் வடிந்ததும் ஏறத்தாழ ஒத்துவந்தால் மனம் ஆறும்.

வராமல் தடுப்பது எப்படி? குண்டையும் அதன் இருக்கையையும் சுத்தம் செய்து, தேவையானால் புதுக் குண்டு போடுவது முதல் வேலை. தயாரிப்பாளர்கள் வெப்பநிலைக்கெனப் பரிந்துரைத்த, 40 அல்லது 50 எண்ணுடைய ஒற்றைத்தர எண்ணெய் சற்று மெதுவாக இறங்கும், முற்றாக நிற்காது. வாரம் ஒருமுறை ஓட்டுவது நல்லதுதான். ஆனால் வாசலில் இரண்டு நிமிடம் உறுமவிட்டு அணைப்பதை நான் ஏற்பதில்லை. எஞ்சின் நன்கு சூடேறாவிட்டால் உள்ளே உண்டாகும் நீராவி ஆவியாகி வெளியேறாமல் எண்ணெயோடு கலந்து தங்கும். பதினைந்து இருபது நிமிடமாவது சாலையில் ஓட்ட வேண்டும். அதற்கு இயலாதவர், புது எண்ணெய் மாற்றி ஒருமுறை ஓட்டிவிட்டு, தொட்டியிலுள்ளதை வடித்துப் புட்டியில் பத்திரப்படுத்துவதே நன்று. இறங்குவதற்கு எண்ணெயே இல்லையென்றால் இறங்குவது எது?

நான்காவதாக ஒரு வழியைப் பலர் கையாள்கின்றனர். தொட்டிக்கும் பம்புக்கும் நடுவே ஒரு குழாய்த் திறப்பானைப் பொருத்தி, வண்டி நிற்கும்போது அடைத்துவிடுவார்கள். மலிவானது, எண்ணெய் ஒரு சொட்டும் இறங்காது. எனக்கு இதில் உடன்பாடில்லை. காரணத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

எங்கள் தாமானில் ஒருவர் தம் பிஎஸ்ஏ வண்டிக்கு இப்படித் திறப்பான் போட்டிருந்தார். பழனி, திருச்செந்தூர் என்று கோயில் பயணமாக இந்தியா சென்றவர், அங்கிருந்து தொலைபேசியில் மகனிடம், “ஐயா, வண்டியை வாரம் ஒருதரம் ஸ்டார்ட் பண்ணிப் பாரு” என்றிருக்கிறார். திறப்பானைப் பற்றிச் சொல்லவில்லை. எஸ்பிஎம் எழுதி முடித்திருந்த அந்தப் பிள்ளையும் தந்தை சொல்லைத் தட்டாமல் வண்டியைக் கிளப்பினான். தொட்டி நிறைய எண்ணெய் இருப்பதையும் மூடியைத் திறந்து பார்த்திருக்கிறான்! சில நிமிடங்களில் எஞ்சின் இறுகி நின்றது. பிஸ்டனும் கிராங்க் தாங்கியும் போயின. பழி முழுவதும் பிள்ளையின் தலையில் விழுந்தது. “ஒரு வேலை உருப்படியாச் செய்யத் தெரியாது” என்று உறவினர் நடுவே சொன்னதை நானே கேட்டேன். அவன் என் பழைய மாணவன். சொன்னதைச் செய்தவன், சொல்லாததை எப்படி அறிவான்? எஞ்சினைப் பிறகு சீராக்கிவிட்டார்கள். அவன் அந்த வண்டியைத் தொடுவதில்லை.

திறப்பான் வைத்தே தீர வேண்டும் என்பவர், அது மூடியிருக்கும்போது எஞ்சின் தீப்பொறி பெறாதபடி மேக்னெட்டோவைத் துண்டிக்கும் விசையோடு இணைந்த வகையையே பொருத்துக. எவர் கிளப்ப முயன்றாலும் வண்டி கிளம்பாது, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் எண்ணெயை வடித்துவிடுகிறோம். வடித்த கையோடு கைப்பிடியில் ஓர் அட்டையைக் கட்டிவிடுவது வழக்கம். “எண்ணெய் இல்லை, கிளப்பாதீர்” என்று தமிழிலும், பட்டறைக்காரர் வந்தால் படிக்க மலாயிலும் எழுதியிருக்கும். அட்டை கட்டுவது என் அண்ணன் மகளின் பொறுப்பு. தொட்டியில் எண்ணெய் ஊற்றிய பிறகே அதை அவிழ்க்க வேண்டும் என்பதில் அவள் கண்டிப்பானவள்.

மீண்டும் ஓட்டும் நாளில் எண்ணெய் ஊற்றி, தொட்டியிலிருந்து வரும் குழாயைப் பம்ப் முனையில் சற்றுத் தளர்த்திக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுவோம். பிறகு தீப்பொறி இல்லாமல் பலமுறை உதைத்துச் சுழற்றிய பின்னரே கிளப்புவோம். கிளம்பியதும் தொட்டியின் வாயில் பார்க்க வேண்டும்; திரும்பும் குழாயில் எண்ணெய் விட்டுவிட்டுப் பீய்ச்சும். ஒரு நிமிடத்துக்குள் அது தெரியாவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். பிஎஸ்ஏ வண்டிகளில் கிராங்க் அறையின் அடித்தட்டைக் கழற்றினால் உறிஞ்சும் குழாய் தெரியும். அதற்குள்ளும் ஒரு குண்டு உண்டு. நெடுநாள் நின்ற வண்டியில் அது ஒட்டிக்கொண்டிருக்கும். மெல்லிய கம்பியால் கீழிருந்து மெதுவாகத் தள்ளினால் பெரும்பாலும் விடுபட்டுவிடும்.