மலைக்கும் ஒரு மாலுமி உண்டு

கடலோடி என்று யாரைச் சொல்வது? கரையோரமாகப் படகில் அரை மணி நேரம் சுற்றி வந்தவரையா? தூத்துக்குடியிலிருந்து பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போன தோணிக்காரரையா? "இது ஒரு கேள்வியா? தோணிக்காரரைத்தான்!" என்பீர்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். தூரம் மட்டுமே ஒருவரைக் கடலோடி ஆக்கிவிடாது என்று எனக்குக் கற்றுக் கொடுத்தது எந்த ஊர் தெரியுமா? கடலே இல்லாத ராஜபாளையம்!

சிரிக்காதீர்கள். சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் வந்தால் விடிகிற வேளையில் ஸ்ரீவில்லிபுத்தூர், அடுத்து ராஜபாளையம். இறங்கியதும் மேற்கே பாருங்கள். நீல நிறத்தில் அலை அலையாக எழுந்து நிற்கிறதே மேற்குத் தொடர்ச்சி மலை, அதுதான் இந்த வட்டாரத்துக்குக் கடல். இங்கே உள்ளவர்களின் குடிநீர், வயல், வேண்டுதல் எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்துதான்.

என் சித்தி ராஜபாளையத்துக்காரி. "சதுரகிரிக்குப் போக வேண்டும், சித்தி" என்று போய் நின்றேன். உடனே அழைத்துப் போவாள் என்று நினைத்தேன். அவளோ முதல் நாள் மாலை ஊருக்குள்ளேயே இருக்கும் சஞ்சீவி மலைக்கு அழைத்துப் போனாள். நான் குடுகுடுவென்று ஏறி, பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். அவள் நிதானமாக, அக்கம் பக்கத்து விவகாரங்களைப் பேசிக்கொண்டே ஏறி வந்தாள். "பேசிக்கிட்டே ஏற முடிஞ்சா அதுதான் சரியான நடை. பேச்சு நின்னா நீயும் நின்னுரு" என்றாள். முதல் பாடம்!

இரண்டாவது பாடம் அய்யனார் கோயில் ஆற்றில். ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில், மர நிழலில் சலசலத்து ஓடுகிறது. குளிக்கலாம், கட்டிக்கொண்டு போன புளியோதரையைச் சாப்பிடலாம். சித்தி என்னைப் பாறை மீது உட்கார வைத்து, "தண்ணியைப் பாரு" என்றாள். என்ன பார்ப்பது? "இப்போ அடியிலே கல்லு தெரியுது. இதை ஞாபகத்திலே வச்சுக்க" என்றாள். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூர். பதினொரு நிலைக் கோபுரத்தையும் ஆண்டாளையும் சேவித்துவிட்டு, செண்பகத்தோப்புக்குப் போனோம். அங்கிருந்து மேலே ஏறினால் காட்டழகர் கோயில். இந்தக் காட்டில்தான் சாம்பல் நிற மலை அணில்கள் வாழ்கின்றன. அவற்றுக்காகவே 1988-ல் சரணாலயம் ஏற்பட்டது. 2021-ல் இந்தக் காடு மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகிவிட்டது. ஆகவே, நாம் விருந்தாளிகள்; வீட்டுக்காரர்கள் வேறு!

பிறகுதான் வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறை. அங்கிருந்து சுந்தர மகாலிங்கம் சந்நிதிக்கு நாலைந்து மணி நேர ஏற்றம். மாங்கனி ஓடை, வழுக்குப் பாறை, சங்கிலிப் பாறை என்று வழியெல்லாம் பெயர்கள். அந்தப் பெயர்களே போதும், எச்சரிக்கைப் பலகை வேண்டாம்!

காலை வெயில் பளிச்சென்று அடித்தது. உற்சாகமாக நடந்தேன். ஓர் ஓடையைத் தாண்டப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டபோது, சித்தி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கல்லு தெரியுதா?"

தெரியவில்லை. தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. சருகுகள் மிதந்து வந்தன.

"மேலே மழை பெய்யுது. திரும்பு."

"இங்கே வெயில் அடிக்கிறதே, சித்தி! இவ்வளவு தூரம் வந்துவிட்டு..." எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோபத்தில் அவளோடு பேசாமலே இறங்கினேன். அடிவாரத்தை நாங்கள் எட்டுவதற்குள், பின்னால் லாரி வருவது போல ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். காலையில் கணுக்கால் நனையக் கடந்த ஓடை, செம்மண் நிறத்தில், மரக்கிளைகளைப் புரட்டிக்கொண்டு ஓடியது. என் கோபம் போன இடம் தெரியவில்லை. சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இது கதைக்காகச் சொல்வதல்ல. 2015 மே மாதம், அமாவாசைக்காகச் சதுரகிரிக்கு வந்த பக்தர்களில் சிலரை இப்படித் திடீரென்று வந்த வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மலை உச்சியில் பெய்கிற மழை, கீழே வெயிலில் நிற்கிறவர்களுக்குத் தெரிவதில்லை. செங்குத்தான பாறைச் சரிவில் விழுகிற தண்ணீர் தங்க இடமில்லாமல், சிறிது நேரத்திலேயே ஓடைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் மழை அறிகுறி இருந்தால் வனத்துறையினர் பாதையை மூடிவிடுகிறார்கள். அவர்களோடு சண்டை போடாதீர்கள்!

அடுத்த பங்குனியில் மறுபடியும் போனேன். ஓடைகளில் கல் தெரிந்தது. பேசிக்கொண்டே ஏறினோம். பிலாவடிக் கருப்பசாமியைக் கும்பிட்டு, மகாலிங்கத்தின் முன் நின்றபோது என் கண்கள் நிறைந்துவிட்டன. சித்தியோ, "இறங்கும்போதுதான் முழங்கால் பேசும், இப்பவே கொஞ்சம் உட்காரு" என்றாள்!

நீங்கள் போவதாக இருந்தால், பாதை திறந்திருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் கிளம்புங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். குழந்தைகளை முதலில் சிறிய மலைக்கு அழைத்துப் போங்கள்.

இப்போது அந்தப் பழைய கேள்விக்கு வருவோம். அரை மணி நேரப் படகானாலும் சரி, கொழும்புத் தோணியானாலும் சரி, இன்று பாய் விரிக்கக் கூடாது என்று அறிந்து கரையில் உட்காரத் தெரிந்தவரே கடலோடி. சித்தி கடலைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவள் ஒரு மாலுமிதான்.

திரும்பி வந்த அந்த முதல் நாள், ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்கு அரைக் கிலோ பால்கோவா வாங்கிக் கொடுத்தாள். "மலை எங்கேயும் போயிராது, சாப்பிடு" என்றாள். பால்கோவா அன்று போல் என்றும் இனித்ததில்லை!