சுபேதார் சாப்

எங்கள் பழைய வீட்டு ஓனர் சுபேதார் சாப் போன மாதம் தவறிவிட்டார். எண்பது தாண்டிய வயசு, தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது. நம்மூரில் கல்யாணச் சாவு என்பார்கள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. நாலு வரி எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2003-ல் வேலைக்காக செகந்திராபாத் வந்தபோது அவர் வீட்டு மாடிப் போர்ஷனில் குடியேறினேன். ஸ்ரீகாகுளம் பக்கத்துக்காரர். வாடகையில் கெடுபிடி கிடையாது. ஒரே ஒரு கண்டிஷன்தான். மொட்டைமாடிக் கம்பத்திலிருந்து பின்பக்க வேப்பமரம் வரை இருபது மீட்டருக்கு ஒரு செப்புக் கம்பி போகும். அதில் மட்டும் துணி காயப்போடக் கூடாது :-)

அது அவருடைய ஆன்டெனா. சாப் ஒரு ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர். மத்திய அரசு நடத்தும் பரீட்சை எழுதி, மோர்ஸ் பாஸ் பண்ணி, வி.யு. என்று ஆரம்பிக்கும் அழைப்புக் குறி வாங்கியவர். இதில் காசு பார்க்கக் கூடாது, அது சட்டம். ஊர் பேர் தெரியாத இன்னொரு ஹாமைப் பிடித்து, உன் சிக்னல் எனக்கு எப்படிக் கேட்கிறது என்று சொல்வதுதான் பாதி நேரப் பேச்சு. இதற்காகவா விடிகாலை நாலு மணிக்கு எழுந்திருக்கிறார் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

சீனப் போருக்குப் பிறகு ராணுவத்துக்கு நிறைய ஆள் எடுத்தார்களே, அப்போது 1963-ல் சேர்ந்தவர். ஜபல்பூரில் சிக்னல்ஸ் பயிற்சி. 1971-ல் மேற்கு எல்லை. 28 வருஷ சர்வீஸ் முடித்து வந்தும் சும்மா உட்காரவில்லை. ஒரு பாங்கில் துப்பாக்கியோடு காவல் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தெருக்காரர்களின் மிக்ஸி, ரேடியோ, அயர்ன் பாக்ஸ் காத்துக்கொண்டிருக்கும். சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்துவிடுவார். கூலி வாங்கமாட்டார். அந்தச் சம்பாத்தியத்தில்தான் இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தார்.

போரைப் பற்றிக் கேட்டால் பெரிதாக ஒன்றும் சொல்லமாட்டார். மதராஸிக் கூட்டாளிகளிடம் பாரக்ஸில் கற்றுக்கொண்ட தமிழில் ஒருமுறை சொன்னார்: "தம்பி, ஐந்து ஐந்து எழுத்தா வரும். எல்லாம் சங்கேதம். அர்த்தம் நமக்குத் தெரியாது. ஆனா ஒரு எழுத்து தப்பா எழுதினா அங்கே யாருக்கோ ஆபத்து." அவ்வளவுதான். யார் அனுப்பியது, யாருக்குப் போனது, என்ன ஆனது, எதுவும் தெரியாமல் வருஷக்கணக்காக ராத்திரியும் பகலும் எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதியிருக்கிறார்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி. ஹைதராபாதில் இருந்த தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் சார்பில், பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு அந்த மாதம்தான் போர்ட் பிளேர் போயிருந்தது. அந்தமானிலிருந்து ஹாம்கள் பேசிப் பல வருஷமாகியிருந்ததால் உலகம் முழுக்க அந்தத் தொடர்புக்காகத் தவம் கிடந்தார்கள். பொழுதுபோக்காகப் போனவர்கள் அன்றைக்கு நிவாரண வேலையில் இறங்கிவிட்டார்கள். தீவுகளில் டெலிபோன் போய்விட்டது. சிற்றலை ரேடியோவுக்குக் கம்பியும் டவரும் தேவையில்லை. வானத்து அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரம் மைல் தாண்டி வரும்.

மறுநாள் சாப் கீழேயிருந்து குரல் கொடுத்தார். "தம்பி, ஜல்தி வா. தமிழ் வேணும்!"

போனேன். தலையில் ஹெட்ஃபோன், முன்னால் நோட்டு. அந்தமானில் தமிழர்கள் நிறைய. அவர்களில் உயிரோடு இருப்பவர்கள் ஊருக்குத் தகவல் சொல்லச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு பெயரையும் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று எழுத்தெழுத்தாகத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்த பிறகே என்னிடம் நீட்டுவார். நான் எஸ்.டி.டி. போட்டுப் பேச வேண்டும். "உங்க பையன் நல்லா இருக்கார்ம்மா" என்று ஒரு வீட்டில் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு வயசான அம்மா பேச வராமல் அழுதார். பக்கத்தில் பிள்ளைகள் கத்துகிறார்கள். நான் ரிசீவரை அப்படியே சாப் காதில் வைத்தேன். அவருக்கு வார்த்தை புரிந்ததோ என்னவோ, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார்.

வாழ்நாள் பூராவும் சேதி கடத்திய மனுஷர். ஒரு சேதி போய்ச் சேர்ந்த சத்தத்தை அவர் கேட்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். பேப்பரில் அவர் பேர் வரவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை. மூன்றாம் நாள் வழக்கம்போல பாங்க் டியூட்டிக்குப் போய்விட்டார்.

பதினோராம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். இறந்துபோன ஹாமை 'சைலண்ட் கீ' என்பார்கள், மௌனமாகிவிட்ட தந்திச் சாவி. லைசென்ஸ் அவர் ஒருவருக்குத்தான் என்பதால் டிரான்ஸ்மிட்டரை லைசென்ஸ் உள்ள இன்னொரு ஹாமிடம் ஒப்படைத்துவிட்டார்கள். வேப்பமரத்துக் கம்பியையும் கழற்றியாகிவிட்டது.

மோர்ஸ் சாவியை மட்டும் ஆன்ட்டி கொடுக்கவில்லை. மோர்ஸில் 'டி' என்ற எழுத்துக்கு ஒரே ஒரு நீள ஓசை. விடிகாலையில் ரேடியோ அறையிலிருந்து 'டா...' என்று ஒரு சத்தம் வந்தால் சாப்புக்கு டீ வேண்டும் என்று அர்த்தமாம். நாற்பது வருஷமாகச் சமையலறைக்கு வந்த ஒரே தந்தி அது. சொல்லும்போது ஆன்ட்டி சிரித்துவிட்டார். சாவி இப்போது சமையலறை அலமாரியில், டீத்தூள் டப்பா பக்கத்தில் இருக்கிறது.